ஏட்டில் பிறந்தவர்கள்

ஆண்டுதோறும் செப்டம்பர் 5-ஆம் தேதி நம் தேசத்துப் பள்ளிகளிலெல்லாம் ஆசிரியர் தினம் கொண்டாடப்படுகிறது. டாக்டர் சர்வபள்ளி ராதாகிருஷ்ணன் குடியரசுத் தலைவர் பதவியேற்ற 1962-ஆம் ஆண்டு முதல் நடந்து வருகிற இந்த விழா, அவர் திருத்தணியில் 1888-ஆம் ஆண்டு அதே தேதியில் பிறந்தார் என்ற பதிவை ஆதாரமாகக் கொண்டது. ஆனால் அவருடைய மைந்தரும் சரித்திர ஆசிரியருமான சர்வபள்ளி கோபால், தந்தையின் வாழ்க்கை வரலாற்றை எழுதியபோது, தாம் பிறந்தது உண்மையில் 1887-ஆம் ஆண்டு செப்டம்பர் 20-ஆம் தேதி என்றே ராதாகிருஷ்ணன் நம்பி வந்தார் என்பதையும் மறைக்காமல் குறித்து வைத்திருக்கிறார். இவ்விரண்டில் எது மெய் என்று தீர்த்துச் சொல்ல இன்று சாட்சி இல்லை. விழாவுக்கு அது தேவையுமில்லை. ஏட்டில் எழுதிய தேதியே தேசத்தின் தேதியாகிவிட்டது. அந்த மகா பண்டிதருக்கு இதனால் நேர்ந்த நஷ்டம் ஒன்றுமில்லை. ஆனால் அதே திருத்தணி மலையடிவாரத்துத் தெருக்களில் பிறந்து, விண்ணப்பம் எழுதவும் பிறர் கையை எதிர்பார்க்கிற ஒரு மூதாட்டிக்கு, ஆதார் அட்டையில் ஒரு வயது குறைந்திருந்தால் முதியோர் உதவித்தொகை ஓராண்டு தள்ளிப் போகிறது. குடும்ப அட்டையில் பெயரின் ஓர் எழுத்து மாறியிருந்தால், வங்கிக் கணக்குக்கு வரவேண்டிய பணம் வழியிலேயே நின்றுவிடுகிறது.

அரசாங்கம் வழங்கும் அடையாள அட்டைகளில் பெயர், வயது, பிறந்த ஊர், உறவுமுறை, விலாசம் ஆகிய விவரங்கள் எவ்வாறு பிழைபடுகின்றன, பிழைக்கு யார் பொறுப்பாளி, அதைத் திருத்தும் கடமை யாரைச் சேர்ந்தது என்னும் விஷயத்தைத் திருத்தணியில் நின்று ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம். இவ்வூரைத் தேர்ந்ததற்குக் காரணம் பக்தி அன்று. வீட்டு வாசலை விட்டு நகராமலே மனிதர்கள் ஜில்லாவும் ராஜ்யமும் மாறிய ஊர் இது. இரண்டு மொழிகளும் இரண்டு விதமான பெயரிடும் வழக்கங்களும் ஒரே தெருவில் குடியிருக்கிற ஊரும் இதுவே. வேறிடங்களில் சிறு கீறலாகத் தெரிகிற பிழை இங்கே நன்றாக வாய் பிளந்து தெரிகிறது.

ராதாகிருஷ்ணன் பிறந்த காலத்தில் திருத்தணி வட ஆர்க்காடு ஜில்லாவைச் சேர்ந்திருந்தது. 1911-ஆம் ஆண்டு ஏப்ரல் 1-ஆம் தேதி சித்தூர் ஜில்லா உண்டானபோது அதில் சேர்ந்தது; அப்போதும் அது சென்னை மாகாணத்துக்குள்ளேயே இருந்தது. 1953-ஆம் ஆண்டு அக்டோபர் 1-ஆம் தேதி ஆந்திர ராஜ்யம் பிரிந்தபோது சித்தூரோடு சேர்ந்து ஆந்திரத்துக்குப் போயிற்று. 1956 நவம்பரில் அந்த ராஜ்யமே ஆந்திரப் பிரதேசம் என்று வேறு உருவம் கொண்டது. மங்கலங்கிழாரும் ம.பொ.சிவஞானமும் முன்னின்று நடத்திய வடக்கெல்லைப் போராட்டமும், அதன் பின் எல்லையைப் பற்றி வந்த படாஸ்கர் பரிந்துரையும், 1959-இல் நிறைவேறிய எல்லை மாற்றச் சட்டமும் சேர்ந்து, 1960-ஆம் ஆண்டு ஏப்ரல் 1-ஆம் தேதி திருத்தணியைச் சென்னை ராஜ்யத்துக்குத் திருப்பித் தந்தன; அதற்கு ஈடாகச் சத்தியவேடு முதலிய பகுதிகள் ஆந்திரத்துக்குச் சென்றன. பிறகு செங்கற்பட்டு ஜில்லா; 1969 ஜனவரி 14 முதல் மாநிலத்தின் பெயர் தமிழ்நாடு; 1997 முதல் திருவள்ளூர் மாவட்டம்.

இத்தனையும் பாடப்புத்தகத்தில் நான்கு வரியில் அடங்கிவிடும். ஆனால் 1955-ஆம் ஆண்டு இவ்வூர்ச் சன்னதித் தெருவில் பிறந்து இன்றும் அதே வீட்டில் வாழ்கிற ஒருவரைக் கற்பனை செய்து பாருங்கள். பிறந்த மாநிலம் எது என்று கடவுச்சீட்டு விண்ணப்பம் கேட்கிறது. ஆந்திரம் என்று எழுதினால் அன்றைய சரித்திரப்படி உண்மை. தமிழ்நாடு என்று எழுதினால் இன்றைய பூகோளப்படி உண்மை. கணினியில் தெரிந்தெடுக்க வைத்திருக்கும் ஜாபிதாவிலோ இன்றைய மாவட்டங்களே இருக்கும். சித்தூரைத் தொட்டால் அதன் கீழே திருத்தணி இராது, திருவள்ளூரைத் தொட்டால் கையிலுள்ள பழைய தஸ்தாவேஜு ஒத்துவராது. இவர் பொய் சொல்லவில்லை, மறக்கவுமில்லை. சர்க்கார் எல்லையை நகர்த்தியது. நகர்த்திய செய்தியைத் தன் விண்ணப்பப் படிவத்துக்குச் சொல்ல மறந்தது. அந்த மறதிக்கு விளக்கம் எழுதிக் கொடுக்க வேண்டியவர் மட்டும் பிரஜை. இதையே என் வாதத்தின் மூலவித்தாகச் சொல்லிக்கொள்கிறேன்: அட்டைகளில் உள்ள பிழைகளில் பெரும்பகுதி எழுதினவர்களுடையது, திருத்துகிற சிரமமோ முழுவதும் எழுதப்பட்டவர்கள் தலையில் விழுகிறது.

ஊரின் கதை இப்படியென்றால் பெயரின் கதை இன்னும் சுவாரஸ்யமானது. தெலுங்கு பேசும் குடும்பங்களில் இண்டிபேரு என்ற வீட்டுப்பெயர் முன்னே வரும். பாட்டன், தகப்பன், மகன் மூவருக்கும் அதுவே பொது. சர்வபள்ளி என்பதும் அத்தகைய வீட்டுப்பெயர்தான். தமிழர் வழக்கத்திலோ பெயருக்கு முன் நிற்கும் எழுத்து தகப்பனார் பெயரின் முதலெழுத்து. தலைமுறைக்குத் தலைமுறை அது மாறும். இவ்விரு வழக்கங்களும் நகரியிலும் பள்ளிப்பட்டிலும் பொதட்டூர்ப்பேட்டையிலும் திருத்தணியிலும் ஒன்றோடொன்று உராய்ந்து கிடக்கின்றன. எல்லைக்கு அப்பால் நகரியில் படித்த அண்ணனுக்குப் பள்ளிச் சான்றிதழில் வீட்டுப்பெயர் முழுமையாக நிற்கும். இப்பால் திருத்தணியில் சேர்த்த தம்பியின் பெயரைப் பார்த்த ஆசிரியர், மகனுக்கும் தகப்பனுக்கும் ஒரே இனிஷியல் எப்படி இருக்கும் என்று ஐயுற்று, நல்லெண்ணத்தோடேயே அதை அடித்துவிட்டுத் தகப்பனார் பெயரின் முதலெழுத்தைப் போட்டிருப்பார். பிற்காலத்தில் சொத்துப் பாகத்துக்காக வாரிசுச் சான்றிதழ் கேட்கும்போது, ஒரே வயிற்றில் பிறந்த இருவரும் காகிதத்தில் வெவ்வேறு குலத்தவராக நிற்பார்கள். அந்த ஆசிரியரை நான் குறை சொல்லேன். அவருக்குத் தெரிந்த இலக்கணம் ஒன்றே. படிவத்திலும் கட்டம் ஒன்றே இருந்தது.

பெண்களின் நிலை இதைவிடக் கஷ்டமானது. பள்ளி இறுதிச் சான்றிதழில் தகப்பனார் எழுத்து. கல்யாணத்துக்குப் பிறகு வாக்காளர் அட்டையில் கணவர் எழுத்து. வங்கிப் புத்தகத்தில் எழுத்தே இல்லாமல் வெறும் பெயர். ஆதாரில் கணவர் பெயர் முழுவதும் பெயரோடு ஒட்டிக்கொண்டு. 2023-ஆம் ஆண்டு செப்டம்பர் 15-ஆம் தேதி தொடங்கிய கலைஞர் மகளிர் உரிமைத் தொகைக்காக மாநிலமெங்கும் பெண்கள் குடும்ப அட்டையையும் ஆதாரையும் வங்கிக் கணக்கையும் ஒருசேர எடுத்து வைத்துப் பார்த்தபோது, தாம் ஒருவரல்லர், மூவர் என்ற செய்தி அநேகருக்கு முதன்முறையாகத் தெரியவந்தது.

இனி எழுத்து. திருத்தணி வட்டாரத்தில் தணிகாசலம், தணிகைவேல், தணிகைமலை, வள்ளி என்ற பெயர்களுக்குக் குறைவில்லை. மலைமேல் உள்ள சுவாமியின் பெயரும் தேவியின் பெயரும் அவை. தாலுகா அலுவலகத்து ஆதார் மேஜை முன் உட்கார்ந்து பாருங்கள். பெயர் என்ன என்று கேட்டு, பதிவாளர் அதை ஆங்கில எழுத்துகளில் தட்டுகிறார். கீழ்க்கட்டத்தில் தமிழ் உருவம் தானே வந்து விழுகிறது. ஆங்கிலத்துக்கு ணகரமும் னகரமும் ஒன்று. லகர ளகர ழகரங்களுக்குள் அது காட்டுகிற வேற்றுமை அற்பம். ஆகவே தணிகாசலம் 'தனிகாச்சலம்' ஆகிறார். வள்ளி 'வல்லி' ஆகிறாள். பதிவாளர் அந்தக் கட்டத்துக்குத் திரும்பிச் சென்று ஓரெழுத்தை மாற்றினால் போதும். மாற்றச் சில நொடிகள் ஆகும். பின்னால் நிற்கிற வரிசையோ வாசற்படி வரைக்கும் நீண்டிருக்கிறது. விவரத்தைச் சரிபார்த்துக்கொள்வதற்கென்றே குடிமக்கள் பக்கம் திருப்பி வைக்க ஒரு தனித்திரை இருக்கவேண்டும் என்பது ஏற்பாடு. திரை இருந்தாலும், அதை வாசிக்கத் தெரிந்தவர் துணைக்கு வந்திருக்க வேண்டும், கண்ணாடியை வீட்டில் மறந்து வந்திருக்கக் கூடாது, 'சரிதானே பாட்டி?' என்று கேட்கும்போது 'சரிப்பா' என்று சொல்லிவிடாமல் 'கொஞ்சம் படிச்சுக் காட்டுப்பா' என்று சொல்லத் தெம்பு இருக்க வேண்டும்.

தமிழ்ப் பெயர்களை ஆங்கிலத்தில் கூட்டியெழுதுவதற்கு ஒரு நியமம் இல்லாமையும் இந்தக் குழப்பத்துக்கு ஊற்றுக்கண். தகரத்துக்கு டி மட்டுமா, டி-யோடு ஹெச்சும் உண்டா என்பது அவரவர் விருப்பம். தனிமனிதர் பெயர் கிடக்கட்டும், இந்த ஊரின் பெயரும் ரயில்வே பலகையில் ஒரு மாதிரியும் கடைப் பலகைகளில் பல மாதிரியுமாகக் காட்சி தருகிறது. 2020-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் 1,018 ஊர்களின் ஆங்கில எழுத்துக்கூட்டலைத் தமிழ் உச்சரிப்புக்கு இணங்க மாற்றித் தமிழக அரசு ஓர் ஆணை வெளியிட்டது. கண்டனமும் பரிகாசமும் எழவே, சில நாட்களிலேயே அதைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. தன் ஊர்களின் பெயரை எப்படி எழுதுவது என்பதில் சர்க்காருக்கே நிச்சயம் ஏற்படவில்லை. முனுசாமி என்ற பெயரில் எத்தனை எஸ், எத்தனை டபிள்யூ என்ற நிச்சயம் மட்டும் அந்த முனுசாமிக்கு இருக்கவேண்டுமாம்.

வயது விஷயத்துக்கு வருவோம். திருத்தணி மலைக்கு 365 படிகள். ஆண்டின் நாள்களைக் குறிப்பவை என்பது வழக்கு. ஆங்கிலப் புத்தாண்டு நாளில் வெள்ளைக்கார அதிகாரிகளைக் கண்டு வணங்கப் போகிற ஜனங்களை முருகன் பக்கம் திருப்ப எண்ணி, வள்ளிமலை சச்சிதானந்த சுவாமிகள் 1917-இல் தொடங்கி வைத்த படித் திருவிழா, டிசம்பர் 31-ஆம் தேதி இரவு இன்றைக்கும் பஜனை கோஷ்டிகளோடு அமர்க்களமாக நடக்கிறது. நம் முதியவர்களுடைய ஆதார் அட்டைகளைச் சேர்த்து வைத்துப் பார்த்தால், அவர்களில் பெருங்கூட்டம் அந்த முதற் படியிலேயே, அதாவது ஜனவரி 1-ஆம் தேதியிலேயே, பிறந்தவர்கள் என்று தோன்றும். 'வயசு என்ன?' 'அறுபது இருக்கும்.' நடப்பு ஆண்டிலிருந்து அறுபதைக் கழித்தால் ஆண்டு கிடைக்கும். மாதமும் தேதியும் தெரியாதபடியால் ஜனவரி 1. பள்ளிக்கூடத்துப் பிறந்த நாள்களுக்கு வேறொரு பருவம் உண்டு: ஐந்து வயது நிரம்பியதாகக் காட்டவேண்டி, முந்திய தலைமுறைத் தலைமையாசிரியர்கள் சேர்க்கை மாதத்துக்குச் சற்று முன்னால் ஒரு தேதியைப் போட்டுக்கொள்வார்கள்; ஆகவே அந்தக் காலத்துப் படித்தவர்களில் அநேகர் மே, ஜூனில் பிறந்தவர்கள். தாயாருக்குத் தெரிந்ததோ, ஆடிக் கிருத்திகைக்குக் காவடிகள் மலையேறிய மறுவாரம் வலி கண்டது என்பதுதான். மூன்று பிறந்த நாள்களிலும் நம்பத்தக்கது தாயாருடையது. எந்த அட்டையிலும் ஏறாததும் அதுவே.

ஜனனப் பதிவு நம் நாட்டுக்குப் புதிதன்று. சென்னை மாகாணத்தில் 1899-ஆம் ஆண்டிலேயே பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டம் வந்துவிட்டது. கிராம முன்சீபும் கர்ணமும் ஏடு வைத்திருந்தார்கள். ஆனால் அந்த ஏட்டில் பிள்ளை பிறந்தது எழுதப்படும், பெயர் எழுதப்படாது. 'இன்னாருக்கு ஆண் குழந்தை' என்றே பெரும்பாலும் முடிந்துவிடும். பெயர் வைத்த பிறகு மறுபடி போய்ச் சொல்லுகிறவர் யார்? இந்த மாவட்டத்துச் செங்கற்சூளைகளிலும் மரம் வெட்டும் இடங்களிலும் உழைத்துப் பிழைக்கிற இருளர் முதலிய மக்களில் பலருக்கு அந்த ஒற்றை வரியும் கிடையாது. சூளை மாறும்போது வாசஸ்தலம் மாறுகிறது. வாசஸ்தலம் இல்லாதவருக்கு அட்டை இல்லை. அட்டை இல்லாதவரின் பிள்ளைக்கு ஜாதிச் சான்றிதழ் இல்லை. பிழையான விவரம் ஒரு தொல்லை என்றால் விவரமே இல்லாமை பெருந்தொல்லை.

இவ்வாறு செவிவழி வந்த ஊகங்களே பிற்பாடு பிரமாணங்கள் ஆன விதத்தைச் சற்று நிதானித்துப் பார்க்கவேண்டும். வாக்காளர் புகைப்பட அடையாள அட்டை டி.என்.சேஷன் தலைமைத் தேர்தல் ஆணையராக இருந்தபோது 1993-இல் வந்தது. அதில் ஏறின வயது வீட்டுக்கு வந்த கணக்கெடுப்பாளரிடம் திண்ணையில் இருந்தவர் சொன்ன வயது. ஆதார் 2010-ஆம் ஆண்டு செப்டம்பர் 29-ஆம் தேதி மகாராஷ்டிரத்தின் தெம்பிலி கிராமத்தில் தொடங்கிப் பிற மாநிலங்களுக்குப் பரவியபோது, வாக்காளர் அட்டையையும் குடும்ப அட்டையையும் சான்றாக ஏற்றுக்கொண்டது. 2017-ஆம் ஆண்டு ஏப்ரல் 1 முதல் தமிழ்நாட்டில் வழங்கப்பட்ட மின்னணுக் குடும்ப அட்டை, ஆதாரை அடியொற்றி அமைந்தது. இப்போது வாக்காளர் அட்டையில் திருத்தம் வேண்டுமென்றால் ஆதாரைக் கொண்டு வா என்கிறார்கள். வட்டமாக நிற்கிற நால்வரும் ஒருவரையொருவர் சாட்சிக்கு அழைக்கிறார்கள். அவர்களில் பிரசவ அறைக்குள் இருந்தவர் ஒருவரும் இல்லை.

இந்த வட்டத்தின் பலவீனத்தை நீதிமன்றம் கவனியாமல் இல்லை. விபத்தில் இறந்த ஒருவரின் இழப்பீட்டு வழக்கில், 2024-ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் உச்ச நீதிமன்றம், ஆதார் வயதுக்குச் சான்று ஆகாது, பள்ளிச் சான்றிதழில் உள்ள தேதியையே கொள்ளவேண்டும் என்று தீர்த்தது. அந்த மனிதரின் ஆதார் தேதியும், வாசகர்கள் வியக்க வேண்டாம், ஒரு ஜனவரி 1-ஆம் தேதிதான். ஆதார் ஆணையமே 2023-இல் வெளியிட்ட சுற்றறிக்கையில், இது ஆளை அடையாளம் காட்டுவதற்கேயன்றிப் பிறந்த தேதியை நிரூபிப்பதற்கு அன்று என்று சொல்லிவிட்டது. சொன்னவர்கள் சொல்லட்டும், உள்ளூர் அலுவலக ஜன்னலில் அமர்ந்திருப்பவர் அட்டையில் அச்சிட்ட தேதியை விட்டுக்கொடுப்பதில்லை.

2025-ஆம் ஆண்டு நவம்பர் 4 முதல் தமிழ்நாட்டில் நடந்த வாக்காளர் பட்டியல் தீவிரத் திருத்தம், பழைய ஏட்டுக்கு இன்னும் எவ்வளவு பலம் இருக்கிறது என்பதைக் காட்டிற்று. டிசம்பர் 19-ஆம் தேதி வெளியான வரைவுப் பட்டியலில் ஏறத்தாழ 97 லட்சம் பெயர்கள் இல்லை. மரணமும் குடிபெயர்ச்சியும் இரட்டைப் பதிவும் அதற்குக் காரணங்களாகச் சொல்லப்பட்டன. அவற்றை ஆராய்வது வேறு விஷயம். அந்த வாரங்களில் வீடு வீடாக நடந்தது, இருபது ஆண்டுகளுக்கு முந்திய பட்டியலில் தம் பெயரையோ தாய் தகப்பன் பெயரையோ தேடுகிற காரியம்; அன்றைக்கு ஒருவர் அவசரமாக எழுதின எழுத்துப்பிழை, இன்றைக்கு இன்னொருவரின் பிரஜா உரிமைக்குக் குறுக்கே வந்து நின்றது.

திருத்தும் முறைகளைப் பற்றிச் சட்டம் என்ன சொல்கிறது என்று பார்ப்போம். 1969-ஆம் ஆண்டுப் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டத்தின் 15-ஆம் பிரிவு எனக்கு மிகவும் பிடித்தமான ஒரு விதியை வைத்திருக்கிறது: பதிவு பிழையென்று நிரூபணமானால், பதிவாளர் மூலப் பதிவை அழிக்காமல், ஓரத்தில் திருத்தத்தை எழுதி, கையொப்பமும் தேதியும் இட வேண்டும். பிழையும் தெரியும், திருத்தமும் தெரியும், திருத்தினவர் யார் என்பதும் தெரியும். இதற்கு மேல் நேர்மையான முறையை நான் அறியேன். 2016-ஆம் ஆண்டு ஆதார்ச் சட்டத்தின் 31-ஆம் பிரிவு, விவரம் தவறானால் அட்டைதாரர் ஆணையத்துக்கு விண்ணப்பிக்க வேண்டும் என்கிறது. நடைமுறை விதிகளோ, பெயரை ஆயுளில் இரண்டு முறையும் பிறந்த தேதியை ஒரே முறையும்தான் மாற்றலாம் என்கின்றன. அதற்கு மேற்பட்டால் மண்டல அலுவலகத்தின் தயவு வேண்டும். திருத்தணிக்கு அது பெங்களூரில் இருக்கிறது. கூப்பிடு தூரத்திலுள்ள நகரிக்கு ஐதராபாத்தில். 2025 அக்டோபர் முதல் ஒரு திருத்தத்துக்குக் கட்டணம் 75 ரூபாய். பதிவாளர் தட்டிய எழுத்துப்பிழைக்கும் அதே 75 ரூபாய். அந்நாள் கூலி வேறு போய்விடும்.

நீதிமன்றங்களின் போக்கு அண்மைக் காலத்தில் பிரஜையின் பக்கம் சாய்ந்திருப்பது ஆறுதலான விஷயம். 2017 ஆகஸ்டில் ஒன்பது நீதிபதிகள் அந்தரங்க உரிமையை அடிப்படை உரிமை என்றார்கள். 2021 ஜூன் மாதம், மத்திய கல்வி வாரியச் சான்றிதழ்களில் பெயர்த் திருத்தம் கேட்டவர்களின் வழக்கில், பெயர் ஒருவரது ஆளுமையின் அங்கம் என்று உச்ச நீதிமன்றம் கூறிற்று. 2025-இல் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, குடும்ப ஓய்வூதியத்துக்காக அலைந்த ஒரு முதிய விதவையின் வழக்கில், ஆதாரிலுள்ள தவறைத் திருத்திக்கொள்வது உரிமை, அதற்கான வசதியை மக்களுக்கு அருகில் செய்து தருவது ஆணையத்தின் கடமை என்று தெளிவாக்கியது. 2023-ஆம் ஆண்டு தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும், ஒருவரைப் பாதிக்கும் முடிவுக்கு அவருடைய விவரத்தைப் பயன்படுத்துகிறவர் அது சரியானதாகவும் முழுமையானதாகவும் இருக்கும்படி பார்த்துக்கொள்ள வேண்டும் என்று விதிக்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2018 மே முதல் நிலவும் நியாயமும் இதுதான்: விவரத்தை வைத்திருப்பவனே அதன் சுத்தத்துக்குப் பொறுப்பாளி.

கடல் கடந்த தமிழர் நிலையையும் ஒரு கண் பார்த்துவிடலாம். இலங்கையில் 1968-ஆம் ஆண்டின் ஆட்பதிவுச் சட்டப்படி 1972 முதல் வழங்கிய தேசிய அடையாள அட்டையின் எண்ணிலேயே பிறப்பு அடங்கியிருந்தது: முதல் இரு இலக்கங்கள் ஆண்டு, அடுத்த மூன்று, ஆண்டின் எத்தனையாவது நாள் என்பது, பெண்ணானால் அதோடு 500 கூட்டிக்கொள்வார்கள். தேதி பிழைத்தால் எண்ணே பிழைத்தது. எண் மாறினால் அதைச் சொல்லி வைத்திருந்த வங்கி, காணி, சேமலாப நிதி அனைத்தும் ஆட்டம் கண்டன. வடக்குக் கிழக்குக்கு வெளியே, மலையகத் தோட்டங்களில் வாழ்ந்த தமிழரின் அட்டையும் நெடுங்காலம் சிங்களத்திலேயே எழுதப்பட்டது. தம் பெயர் சரியாக இருக்கிறதா என்று அட்டைக்காரரே வாசித்துப் பார்க்க இயலாத அட்டை அது. மலேசிய அட்டையின் பன்னிரண்டு இலக்கங்களும் பிறந்த தேதியில்தான் தொடங்குகின்றன; பிறப்புச் சான்றில்லாத தோட்டத் தமிழர்கள் சிவப்பு அட்டையோடு காலம் தள்ளிய கதை அங்கே எல்லோரும் அறிந்தது. ஆதார் எண்ணில் அப்படி எந்தச் செய்தியும் பொதிந்திருக்கவில்லை. அது பொருளற்ற பன்னிரண்டு இலக்கம். இந்த ஏற்பாட்டைச் செய்தவர்களைப் பாராட்டத்தான் வேண்டும். தேதியைத் திருத்தினாலும் எண் குலையாது.

திருத்தத்தைத் தாராளமாக்கினால் மோசடி பெருகும் என்று உத்தியோகஸ்தர்கள் சொல்வதில் நியாயம் இல்லாமலில்லை. ஓய்வு பெறும் வயதை ஒத்திப்போடத் தேதியை மாற்றுகிறவர் உண்டு. தமிழ்நாட்டு அரசு ஊழியர் வேலையில் சேர்ந்த ஐந்தாண்டுக்குள் கேட்டாலன்றிப் பிறந்த தேதியை மாற்ற முடியாது என்ற விதி அதனால் வந்தது. பதினைந்து வயதுப் பெண்ணைப் பதினெட்டாக்கிக் கல்யாணம் முடிப்பவர் உண்டு. பிறந்த தேதிக்குக் கடுமையான சோதனை வைப்பதை நான் ஆட்சேபிக்கவில்லை. ஆனால் தணிகாசலத்தைத் தனிகாச்சலம் ஆக்கியதைத் திருத்துவதில் என்ன மோசடி இருக்க முடியும்? எழுத்துப்பிழையையும் கள்ளக் கோரிக்கையையும் ஒரே வரிசையில் நிறுத்தி, ஒரே கட்டணம் வாங்கி, ஒரே சந்தேகத்தோடு நோக்குவது நிர்வாகமாகாது.

ஆகையால் என் அபிப்பிராயம் இது. எழுதின அலுவலகம் செய்த எழுத்துப்பிழையை அந்த அலுவலகமே கட்டணமின்றித் திருத்தவேண்டும். விண்ணப்பச் சீட்டில் ஒருவிதமாகவும் அட்டையில் வேறுவிதமாகவும் இருந்தால் அதற்கு மேல் சான்று கேட்கக் கூடாது. எல்லை மாறிய வட்டங்களில் 1960-க்கு முன் பிறந்தவர்களுக்கு, பழைய ஜில்லாவும் இன்றைய மாவட்டமும் ஒன்றே என்று தாசில்தார் ஒரு பொதுச் சான்று கொடுத்தால், ஆயிரம் பேரின் அலைச்சல் மிச்சமாகும். படிவங்களில் வீட்டுப்பெயருக்குத் தனிக்கட்டம் வேண்டும். தமிழ்க் கட்டத்தில் விழுந்த பெயரைப் பதிவாளர் வாய்விட்டு வாசித்துக் காட்டிய பிறகே பதிவு முடியவேண்டும்.

சர்க்கார் இவற்றைச் செய்யும் வரையில், வாசகர்கள் செய்யக்கூடிய காரியம் ஒன்று இருக்கிறது. 2023-ஆம் ஆண்டு அக்டோபர் 1-ஆம் தேதி முதல் பிறக்கிற குழந்தைகளுக்குப் பிறந்த தேதிக்கும் இடத்துக்கும் பிறப்புச் சான்றிதழ் ஒன்றே பிரமாணம் என்று திருத்தச் சட்டம் ஆக்கிவிட்டது. அந்தச் சான்றிதழில் பெயரைச் சேர்க்க ஓராண்டு வரை கட்டணம் இல்லை; கட்டணத்தோடு பதினைந்து ஆண்டு வரை அவகாசம் உண்டு. உங்கள் வீட்டிலோ அண்டை வீட்டிலோ, பெயர் ஏறாத சான்றிதழோடு ஒரு குழந்தை வளர்ந்துகொண்டிருந்தால், இந்த மாதமே போய், தமிழிலும் ஆங்கிலத்திலும் பெயரை எழுதிக் கொடுத்து, அச்சிட்டு வந்ததை அங்கேயே நின்று எழுத்தெழுத்தாகப் படித்துப் பார்த்து வாங்கி வாருங்கள்.